பூட்டு சார் சுவர் பக்கம் திரும்புகிறார்

யாராவது பாஸ்வேர்ட் தட்டப் போகிறார்கள் என்றால் பூட்டு சார் உடனே சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். தலையை மட்டும் திருப்புவது, மோட்டுவளையைப் பார்ப்பது போன்ற அரைகுறை நாகரிகமெல்லாம் அவரிடம் கிடையாது. எழுந்து நின்று, முழு உடம்பையும் திருப்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தக் காலத்திலோ ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ஆச்சா?" என்பார். "ஆச்சு சார்" என்று பதில் வந்த பிறகும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் திரும்புவார். ஒற்றை விரலால் தட்டுகிறவர்களுக்கு அவருடைய முதுகு மனப்பாடம்.

ஒரு மனிதரின் ஒழுக்கத்தை முதுகை வைத்து எடை போடலாம் என்றால், அந்த மூன்றாவது மாடியில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முகத்தை வைத்து எடை போட நேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதே இந்தச் சரித்திரம்.

அது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர்கள் பொறுப்பு. தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் போட்டி நிறுவனத்தின் பொறுப்பு. அது நின்றுபோகும் நாட்களில் இருபது ஊழியர்களும் நெஞ்சு அடைக்க அடைக்க, ஆனால் முகத்தில் ஒரு வெற்றிக் களையோடு, மூன்று மாடி ஏறினார்கள்.

அவர்களுடைய மேசைகளில் இருந்த கணினிகள் சும்மா கண்ணாடி மாதிரி. வேலையெல்லாம் எங்கோ தொலைவில் இருந்த இரண்டு சர்வர்களில்தான் நடந்தது. "சர்வர் எங்கே இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவார்கள். காலையில் வந்ததும் இருபது பேரும் அந்தத் தொலைதூர வீட்டுக்குள் நுழைவார்கள்; சாயங்காலம் வெளியேறுவார்கள். பூட்டு சார் வருவதற்கு முன்பு அந்த வீட்டில் அறைகள் இருந்தன, கதவுகள் இல்லை. அனைவருக்கும் ஒரே பாஸ்வேர்ட். மறந்துபோனால் தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் கேன் போட வருகிறவருக்கும் அது தெரியும். ஆனால் அவர் நல்லவர். விற்பனைப் பிரிவில் ஒருவர் கூட்டல் பிழை என்று நினைத்துக் கணக்குப் பிரிவின் ஆண்டறிக்கையைத் திருத்தி வைத்தார். யாரோ ஒருவரின் வளைகாப்புப் படங்கள் மோட்டார் விலைப்பட்டியலுக்கு நடுவே கிடந்தன.

இந்தக் காட்டுக்குள்தான் நாற்பத்தெட்டு வயதில், ஒரு கைப்பையும் ஒரு கொள்கையுமாக அவர் வந்து சேர்ந்தார். கொள்கை இதுதான்: "தேவையில்லாதவனுக்கு எதுக்குங்க வாசல்?"

ஒரே மாதத்தில் எல்லா அறைக்கும் கதவு வந்தது. கணக்குப் பிரிவு விற்பனையைப் பார்க்க முடியாது. விற்பனை கணக்கைப் பார்க்க முடியாது. முதலாளியின் ஃபோல்டரை யாராலும் பார்க்க முடியாது. மூன்று நாட்களுக்கு முதலாளியாலும் பார்க்க முடியவில்லை.

"அந்த ஃபோல்டர் உங்களுக்கு எதுக்கு சார்?"

"என்னப்பா இது, என் கம்பெனிப்பா."

"அது சரி சார். தேவை என்னன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க."

முதலாளி எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம், எழுதி வாங்கியவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார்கள். பெயர் காதுக்கு வந்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டார். உள்ளுக்குள் அதை விருது மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார்.

அவருடைய ஆட்சியில் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது டீ சட்டம். திரையைப் பூட்டாமல் எழுந்து போனீர்கள் என்றால், நீங்கள் திரும்பி வருவதற்குள் உங்கள் பெயரிலேயே எல்லோருக்கும் ஒரு மெயில் போயிருக்கும்: "இன்று அனைவருக்கும் டீ என் செலவு." அனுப்பியது யார் என்று கேட்கவே வேண்டாம். கணக்குப் பிரிவின் தலைவி, எல்லோருக்கும் கணக்கு அக்கா, ஒரு முறை இப்படி மாட்டி, டீக்காரரிடம் தலையை எண்ணிச் சொல்லிவிட்டு, அதை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தார். விற்பனைப் பிரிவில் ஸ்பீக்கர் என்று ஒருவர். ரகசியம் சொன்னாலும் மாடிப்படி வரை கேட்கும். அவர் மாட்டாத வாரமே இல்லை.

இரண்டாவது சட்டம் கடுமையானது. தன்னுடையது அல்லாத மெயில் பெட்டியையோ ஃபோல்டரையோ திறந்து பார்ப்பவர் அன்றைக்கே வேலையை விட்டுப் போகலாம். இதில் இருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளியும் போட்டார், போடாவிட்டால் மறுபடி ஃபோல்டர் போய்விடுமோ என்று பயந்துதான் போட்டார்.

இப்படிப்பட்டவரின் வீட்டில் ஒரு கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே இருந்து சாத்திய கதவு.

அவருக்கு ஒரே மகள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது அவளுடைய லாப்டாப்பில் மெயில் புரோகிராமை அவரே அமைத்துக் கொடுத்தார். அவள் பாஸ்வேர்டைச் சொல்லச் சொல்ல இவரே தட்டினார். அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பவில்லை. அப்பாதானே! அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய மெயில் பெட்டியைத் தன் வீட்டுக் கணினியிலும் அமைத்துவிட்டார். எதற்கு என்று அவரையே அவர் கேட்டுக்கொண்டபோது, "பேக்கப்" என்று பதில் சொல்லிக்கொண்டார். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவருக்குச் சொன்ன பதில், இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆறு மாதம் அவள் மெயில்களைப் படித்தார். மகள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, யாரோடு சண்டை, எந்தச் செருப்பு பிய்ந்தது, எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு போனில், "செருப்பெல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று விசாரிக்கும் அளவுக்குப் பாசம் முற்றியது. அப்பாவுக்குத் தன் மேல் எவ்வளவு அக்கறை என்று அவளும் உருகினாள்.

ஒரு நாள் போனில் சொன்னார்: "அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க விடாதம்மா. வேற டாக்டரைப் பாரு."

நிதானமாக இழுத்து, "நான் பல்லைப் பத்தி உங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

திட்டவில்லை. அழவில்லை. இந்த ஒரு வாக்கியம்தான். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினாள். அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை. அம்மாவோடு மட்டும்தான்.

ஊருக்கெல்லாம் அனுமதி கொடுத்துக்கொண்டும் மறுத்துக்கொண்டும் இருந்தவர், வீட்டில் மனைவி போன் பேசும்போது மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் அந்த அறைக்குள் மூன்று முறை நடப்பார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருக்கும்.

"என்னங்க, எத்தனை தடவை இந்தப் பக்கம் வருவீங்க? போய் ஹால்ல உட்காருங்க."

"நான் என்ன கேக்கவா வந்தேன்?"

"கேக்க வரலைன்னா சரி. கதவைச் சாத்திட்டுப் போங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போவார். மனைவிக்கு அவர் மேல் கோபம் இருந்தது, இரக்கமும் இருந்தது. இரண்டில் கோபத்தைத்தான் செலவு செய்தாள். "அவ எதையும் மறைச்சு வைக்கிற பொண்ணே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. அதான் எனக்கு ஆத்திரம்" என்று ஒரு முறை சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல வார்த்தை தேடி அவர் போனவர்தான்; இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

தேடியது டிராஃப்டுகளாகச் சேர்ந்தது. அலுவலகத்தில் எல்லோரும் டீக்குப் போகும் நேரத்தில் மகளுக்கு மெயில் எழுதுவார். முதல் மெயிலின் தலைப்பு: 'பாதுகாப்பு நடவடிக்கை குறித்த விளக்கம்.' உள்ளே உபதலைப்புகள் எல்லாம் இருந்தன. இரண்டாவதில் உபதலைப்பு குறைந்தது. ஐந்தாவதில் 'விளக்கம்' போய் 'வருத்தம்' வந்தது. ஒன்றில், வீட்டில் விட்டுப்போன அவளுடைய பழைய சைக்கிளுக்கு ஒவ்வொரு வாரமும் காற்றடித்து வைப்பதாகவும், பம்ப் பழசாகி அடிக்கிற காற்றில் பாதி வெளியே போவதாகவும் எழுதியிருந்தார். அது மனைவிக்கும் தெரியாது. மிகச் சமீபத்தியதில் இரண்டே வரி: 'தப்பு என்னுது. அப்பா.'

ஒன்றையும் அனுப்பவில்லை. அனுப்பு என்ற பொத்தானுக்கு மேலே விரல் வந்து நிற்கும். அவள் பெட்டிக்குள் மறுபடி நுழைய எனக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று தோன்றும். விரல் திரும்பிவிடும். தான் போட்ட கொள்கையைத் தனக்கே முழுசாகப் போட்டுக்கொண்ட முதல் இடம் அதுதான்.

இந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒழுங்கான மெயில் புரோகிராம் ஒன்றைச் சர்வரில் அமைத்துத் தருமாறு முதலாளி சொன்னார். இருபது பேருக்கும் தனித்தனியாக அமைப்பது என்றால் முதுகு விட்டுப் போகும். விவரம் தெரிந்தவர்கள் ஒன்றை முழுதாக அமைத்து, அந்த அமைப்பை அப்படியே மற்றவர்களுக்கு நகல் எடுத்து வைப்பார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் சேர்த்தால் போதும். அவரும் அப்படியே செய்தார். முதல் அமைப்பைச் சோதிக்க ஒரு மெயில் முகவரி வேண்டியிருந்தது. தன்னுடையதைப் போட்டார். தனக்குத் தானே 'சோதனை' என்று அனுப்பினார். வந்தது. 'வெற்றி' என்று தனக்குத் தானே பதிலும் போட்டார். சோதனை முடிந்ததும் தன் முகவரியை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்கப் போன நேரத்தில் முதலாளியின் பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. போனார். வந்தார். நகல் எடுத்தார்.

இருபது நகல். ஒவ்வொன்றிலும் ஊழியரின் பெட்டி மேலே. அதற்கு வெகு கீழே, மடித்து வைத்த ஒரு சின்ன அம்புக்குறிக்குள், பூட்டு சாரின் பெட்டி. அந்தப் பெட்டி எங்கே திறந்தாலும் ஒன்றுதான். இவர் தன் மேசையில் ஒரு வரி எழுதினால் இருபது மேசையிலும் அந்த வரி தெரியும்.

அவர் ஏன் கவனிக்கவில்லை என்றால், அவருடைய திரையில் அவருடைய பெட்டி இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மற்றவர்கள் திரையை அவர் பார்ப்பதே இல்லை, அது கொள்கை. அதோடு, ஒருவர் ஃபோல்டரை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாதபடி அவர் போட்ட பூட்டு அத்தனை உறுதி. இருபது பேரிடமும் இருந்த இருபது நகலும் ஒன்றிடமிருந்து ஒன்று மிகப் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன.

முதலில் பார்த்தது கணக்கு அக்கா. ஏதோ அம்புக்குறி என்று அழுத்தினார். கண்ணாடிக் கடை தள்ளுபடி, மின்கட்டண நினைவூட்டல், கீழே டிராஃப்டுகள். இரண்டு படித்துவிட்டு மூடினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்து, ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னார். அவரும் அதே தீர்மானத்தை எடுத்து அதே மாதிரி நடந்துகொண்டார்.

ஸ்பீக்கருக்கு விஷயம் தெரிந்ததும் பழிவாங்கும் நாள் வந்துவிட்டதாகக் குதித்தார். சார் பெயரிலேயே எல்லோருக்கும் டீ மெயில்! உள்ளே போனார். எழுதுகிற பொத்தானைத் தேடியவர் கண்ணில் டிராஃப்டுகள் பட்டன. டீ மெயில் போகவில்லை. அன்று மத்தியானம் முழுக்க ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் இருந்தார். உடம்புக்கு என்ன என்று வரவேற்பறையிலிருந்து ஆள் வந்து விசாரித்தது.

சாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், "நீங்க எதுக்குத் திறந்தீங்க?" என்பார். இரண்டாவது சட்டம் இருக்கிறது. இருபது கையெழுத்து இருக்கிறது. சொன்ன நிமிஷமே நிறுவனத்தில் ஆள் இருக்காது. லிஃப்டுகள் மட்டும் இருக்கும். ஆகவே யாரும் சொல்லவில்லை. படிப்பதை நிறுத்தவும் இல்லை.

ஊழியர்கள் திடீரென்று தன்னிடம் அன்பாக நடந்துகொள்வதைப் பூட்டு சார் கவனித்தார். கேட்காமலே டீ வந்தது. படியில் இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டார்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் முணுமுணுக்காமல் மாற்றினார்கள். தன் கட்டுப்பாடுகளின் அருமையை ஒருவழியாக மக்கள் உணர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, திங்கட்கிழமைச் சொற்பொழிவைக் கால் மணி நேரம் நீட்டினார். "நம்ம ஆபீஸ்ல இப்ப ஒரு ஓட்டை கிடையாது" என்று முடித்தார். இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில்தான் உடைந்தது. நீள மேசை, எல்லோரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பையன் சைக்கிள்ல காத்து இல்ல, காலையில ஒரே ரகளை. கடையும் திறக்கல" என்றார் கணக்கு அக்கா.

ஸ்பீக்கர் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "சார்கிட்ட கேளுங்கக்கா. வாராவாரம் பம்ப் அடிக்கிறவராச்சே. பாதி வெளிய போனாலும் பாதி உள்ள போகும்ல" என்றார்.

ஸ்பூன் சத்தம் நின்றது. ஸ்பீக்கர் மெல்லுவதை நிறுத்தினார், விழுங்கவும் முடியவில்லை.

"நான் சைக்கிளைப் பத்தி உங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார் பூட்டு சார்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் எங்கே கேட்டது என்று அவருக்கு உறைத்தது. அதே நிதானம். அதே இழுப்பு. மகள் குரல் தன் வாயிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. இதற்கு அடுத்து என்ன வரும் என்று அந்த அறையில் அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு முறை எதிர்ப் பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்.

"பொதுவா சொன்னேன் சார்" என்று ஸ்பீக்கர் ஆரம்பித்தார். "உங்க வயசுல எல்லாருமே... வீட்ல ஒரு பம்ப்..."

"விடுப்பா, போதும்" என்றார் கணக்கு அக்கா. டப்பாவை மூடினார். "சார், என் சீட்டுக்கு ஒரு நிமிஷம் வாங்க."

போனார்கள். அக்கா பாஸ்வேர்ட் தட்டினார். பூட்டு சார் பழக்கத்தில் சுவர் பக்கம் திரும்பினார். "பரவால்ல சார், திரும்புங்க" என்றபோது திரும்பினார். அக்காவின் பெயருக்கு வெகு கீழே, அம்புக்குறிக்குள், அவருடைய பெயர்.

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும் சார்."

"முதலாளிக்கும்?"

"அவர்தான் சார் தினமும் பாக்கிறவரு."

முதலாளியின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போனார். முதலாளி அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்து, எதுவும் புரியாத மாதிரி உட்கார்ந்தார்.

"நானா? நான் எதுக்குப்பா உன் மெயிலெல்லாம் பாக்கப் போறேன்?" என்றார். பிறகு கை தானாகக் கீழ் இழுப்பறைக்குப் போயிற்று. உறை பிரிக்காத புது சைக்கிள் பம்ப் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். "வாங்கி மூணு மாசம் ஆச்சு. எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியல. கொடுத்தா, எப்படித் தெரியும்னு கேப்பியே."

பூட்டு சார் பம்பைப் பார்த்தபடி நின்றார். யாராவது திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"சட்டப்படி எல்லாரும் போகணும் சார். முதல்ல நான்."

"அப்புறம் யாருப்பா லிஃப்ட்ல மாட்டினவனை வெளிய எடுக்கிறது? போய் அதை நீக்குற வழியைப் பாரு."

பாஸ்வேர்டை மாற்றினால் இனி எழுதுவதுதான் தெரியாது; ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது இருபது நகலிலும் அப்படியே கிடக்கும், அதை நீக்க வேண்டும். தன் இடத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஆனால் அது அவர்கள் ஃபோல்டருக்குள் கேட்காமல் நுழைவது. அன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை. ஆகவே வரிசையாகப் போனார். "கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கேட்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே அந்த அம்புக்குறி மட்டும் கிடந்தது.

ஸ்பீக்கர் மேசைக்கு வந்தபோது அவர் எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சார், இங்க ஒரு ஆணி ஓட்டை இருக்கு" என்றார்.

"தெரியும்" என்றார் பூட்டு சார். பிறகு, "முதல்ல எதுக்குத் திறந்தீங்க?" என்றார்.

"சிரிக்கத்தான் சார். டீ மெயில் போடலாம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிப்பு வரல சார். ஆனா நிறுத்தவும் முடியல. காலையில வந்ததும் கை அங்கதான் போவுது. சார் இன்னைக்கு என்ன எழுதியிருக்காருன்னு பாத்தாத்தான் வேலையே ஓடும்."

பூட்டு சார் சுட்டியை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை டிராஃப்டிலும் அவர் எழுதாமல் விட்ட விஷயம் அதுதான். கவலை, பாதுகாப்பு, பேக்கப் எல்லாம் முதல் வாரத்தோடு தீர்ந்துபோயிற்று. மிச்ச மாதங்கள் எல்லாம் வெறும் பழக்கம். காலையில் டீயோடு மகளைப் படிப்பது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் படித்தார். இதை ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார், இவரால் வெற்றுத் திரையிடம்கூடச் சொல்ல முடியாமல் இருந்தது.

கடைசியாகக் கணக்கு அக்கா. "அழிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணை அனுப்பிடுங்க சார்" என்றார். அதற்குள் சுற்றிலும் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

"அந்தச் சின்னது. ரெண்டு வரி. அதான் நல்லா இருக்கு."

"சைக்கிள் வேணாம் சார். இரக்கத்தைக் கேட்டு வாங்கற மாதிரி இருக்கு."

"இல்லக்கா, எனக்கு சைக்கிள்தான் பிடிச்சது. வீட்ல கூட சொன்னேன்." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். விஷயம் இருபது வீட்டுக்கும் போயிருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

முதலாளி தன் அறை வாசலிலிருந்து, "எதை வேணா அனுப்புப்பா, முதல்ல எழுதினியே, அதை மட்டும் அனுப்பிடாத. டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார்.

தன் மானம் நடுவில் கிடக்க, சுற்றி நின்று அதற்கு இலக்கிய விமர்சனம் நடத்துவதை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ அவ்வளவு நேரம் தாங்கினார். பிறகு அக்காவின் கணினியிலிருந்தும் தன் பெட்டியை நீக்கினார். எழுந்து தன் இடத்துக்குப் போனார். கையில் பம்ப் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார்.

முதலில் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. "இன்று அனைவருக்கும் டீ என் செலவு." அவர் பெயரில், அவரே அனுப்பியது.

அடுத்தது மகளுக்கு. டிராஃப்டுகளில் ஒன்றும் இல்லை, புதிதாக எழுதினார். அதில் என்ன எழுதினார் என்று சொல்ல இந்தச் சரித்திரத்துக்கு அனுமதி கிடையாது. தட்டுகிற சத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது என்று மட்டும் தெரியும். பக்கத்து மேசைக்காரர் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார்.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அலுவலகத்தில் யாராலும் இப்போது பார்க்க முடியாது. ஆகவே எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். முகத்துக்குப் பூட்டுப் போடத் தெரியாதவர் அவர். சாப்பாட்டு அறையில் ஸ்பீக்கர் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார், அதையும் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை காலை, புது பம்பால் சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு உள்ளே வந்தார். காற்று முழுசாக உள்ளே போயிருந்தது. அடுத்த அறையில் மனைவி போன் பேசிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் தேடாமல் ஹாலிலேயே உட்கார்ந்தார். கதவு திறந்தது. மனைவி போனை நீட்டினாள்.

"உங்ககிட்ட பேசணுமாம்."

வாங்கினார். "ம்" என்றார்.

"அப்பா, புது லாப்டாப் வாங்கியிருக்கேன். மெயில் செட் பண்ணணும். எப்படின்னு சொல்றீங்களா?"

அங்கே அவள் அலுவலகத்திலேயே அதற்கு ஆள் இருப்பார். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நடுவில் நின்ற அம்மாவுக்கும் தெரியும். கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"புரோகிராமைத் திற. புது கணக்குன்னு இருக்கும் பாரு."

"இருக்கு."

"பேரு போடு. முகவரி போடு. அடுத்து சர்வர் பேரு கேக்கும்." சொன்னார். அடுத்துப் போட வேண்டிய எண்ணைச் சொன்னார். அவள் தட்டினாள். ஒரு இடத்தில், "பல்லு..." என்று ஆரம்பித்து சட்டென்று நிறுத்தினார்.

"பிடுங்கிட்டாங்க" என்றாள் அவள். "நானே சொல்றேன்ல, அதனால தெரிஞ்சுக்கலாம்."

"ம்."

"அடுத்து பாஸ்வேர்ட் கேக்குதுப்பா."

பூட்டு சார் எழுந்தார். போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழு உடம்பையும் திருப்பி, ஹால் சுவரைப் பார்த்து நின்றார். அந்தச் சுவரில் ஆணி ஓட்டை ஒன்றும் இல்லை, காலண்டர் இருந்தது. அதைப் பார்ப்பதுகூடத் தப்போ என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க? அவ எங்கேயோ இருக்கா" என்றாள் மனைவி.

கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து, "அப்பா? இருக்கீங்களா?" என்று அமுங்கிய குரல் வந்தது. மனைவி போனை எடுத்துக் காதில் வைத்தாள். "உங்கப்பா சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறாருடி" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று மனைவிக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை.

"ஆச்சா?" என்றார் சுவரிடம்.

"ஆச்சாம்" என்றாள் மனைவி.

அவர் பத்து எண்ண ஆரம்பித்தார்.